மெஷினுக்கு ஒரு ஆள்

போன வாரம் நோர்மா பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டாள்.

பெரிய விஷயம் ஒன்றுமில்லை. மத்தியான நேரம். வீட்டில் யாருமில்லை என்று நினைத்துக்கொண்டு, அவள் மாமியார் ஹாஜரா நீச்சல் குளத்தின் படியில் உட்கார்ந்து இரண்டு காலையும் தண்ணீரில் விட்டிருந்தாள். அவ்வளவுதான். ஆனால் வாசலில் சீனி முகம்மதுவின் சைக்கிள் மணி கேட்டதும் ஓடினாளே ஓர் ஓட்டம், அதைத்தான் நோர்மாவால் மறக்க முடியவில்லை. பேரன் பேத்தி எடுத்த பெண், தன் வீட்டுக்குள்ளேயே திருடி மாதிரி ஓடினாள்.

"மாமி, தண்ணியில இறங்கணுமா உங்களுக்கு?" என்று அன்றைக்கே கேட்டுவிட்டாள்.

ஹாஜரா அடுப்பைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "சோறு பொங்கிருச்சான்னு பாரு," என்றாள்.

"ரொம்ப நாளாவா?"

"வீடு வாங்குனதுலேருந்து," என்றாள் ஹாஜரா.

பினாங்கின் தஞ்சோங் பூங்காவில் அந்த வீட்டை வாங்கி ஆறு வருஷம். பிறை ஊரில் தொழிற்சாலை மானேஜராக இருந்த ஜப்பான்காரர் ஊர் திரும்பும்போது ஹாஜராவின் புருஷன் அப்துல் காதருக்கு விற்றுவிட்டுப் போனது. குளம் வேண்டும் என்று காதர் கேட்டு வாங்கவில்லை. வீட்டோடு வந்தது. சூலியா தெருவில் நாசி கண்டார் கடை போட்டு, சோறும் கறியும் விற்று மேலே வந்த மனிதர் அவர். விருந்தாளி வந்தால் சாப்பாடு போட்டு, கை கழுவ வைத்து, "வாங்க, பூல் பாருங்க" என்று கூட்டிக்கொண்டு போவார். எல்லாரும் கரையில் நின்று பார்ப்பார்கள். பள்ளி விடுமுறையில் பேரப்பிள்ளைகள் குதிக்கும். மற்ற நாளெல்லாம் அந்தத் தண்ணீர் வானத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா கிடக்கும்.

ஹாஜரா இறங்க முடியாததற்குக் காரணம் சீனி முகம்மது. அவன் மேல் ஒரு குற்றமும் இல்லை. காதருடைய அக்காள் மகன். கடையில் கறிச் சட்டி சரிந்து காலில் கொட்டிய பிறகு, காதர் அவனை வீட்டுக்குக் கொண்டுவந்து குளத்து வேலையைக் கொடுத்தார். பின்னறையிலேயே தங்கியிருக்கிறான். காலையில் வலை போட்டு இலை அள்ளுவான், பிரஷ் போட்டுச் சுவரைத் தேய்ப்பான், சாயந்தரம் மறுபடி வலை. வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் போகும்போதாவது இறங்கலாம் என்றால், போகிற அவசரத்தில் தண்ணீரைச் சுத்தமாக்கும் மருந்தைக் கொட்டிவிட்டுத்தான் போவான். மருந்து கொட்டின அன்றைக்கு யாரும் இறங்கக் கூடாது.

புருஷனுடைய அக்காள் மகன் அவளுக்கு அந்நிய ஆண். அவன் முன்னால் நனைந்த துணியோடு நிற்க முடியாது. 'கொஞ்ச நேரம் வெளியே போ, நான் தண்ணியில இறங்கணும்' என்று சொல்லவும் வாய் வராது.

ஆளுக்குப் பதில் மெஷின் வந்தால்? சீனி நாள் பூராக் குளத்தடியில் நிற்க வேண்டாமே. அந்த யோசனை நோர்மாவுடையது. பேங்கில் அவளோடு வேலை பார்க்கிறவர் வீட்டில் தானாகவே குளம் கழுவும் மெஷின் இருக்கிறதாம். மாமனாரிடம் அதை மட்டும்தான் சொன்னாள். காதருக்குப் புதுச் சாமான் என்றால் கண் மலர்ந்துவிடும். கம்பெனிக்கு அவரே போன் போட்டார்.

இன்றைக்கு ஆள் வருகிறது.

அரை நாள் லீவு போட்டுவிட்டு நோர்மா காத்திருந்தாள். ஹாஜரா கண்ணாடிக் கதவின் திரைக்குப் பின்னால் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டாள். காலையில் பசியாறவில்லை என்பது அவளுக்கே அப்போதுதான் ஞாபகம் வந்தது.

கடலுக்கு அந்தப் பக்கம் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து கம்பெனி ஆள் பரமநாதன் வந்து சேர வெகு நேரமாகிவிட்டது. கழுத்தில் டை, கக்கத்தில் வேர்வை, வேன் நிறையப் பெட்டி.

"பாலம்தான் திறந்து நாளாச்சே சார், அதுல வந்திருக்கலாமே," என்றார் காதர்.

"பழக்கம் விடுதில்ல ஐயா. கை தானாவே ஃபெரிப் பக்கம் திருப்பிப்போட்டுது. அங்க லாரிகளுக்குப் பின்னால மாட்டுப்பட்டுப் போனன்."

இரண்டு மெஷின் கொண்டுவந்திருந்தார். ஒன்று தட்டையாக, சோற்றுப் பானை மூடி மாதிரி. அதன் தலையிலிருந்து நீளமாக ஒரு குழாய். குளத்து ஓரத்தில் தண்ணீர் உறிஞ்சும் வாய் இருக்கிறதே, அதில் குழாயை மாட்டினால் உறிஞ்சுகிற வேகத்திலேயே தட்டு நகர்ந்து அழுக்கை இழுக்குமாம். இன்னொன்று குட்டி வண்டி போல. கீழே ரப்பர் பட்டை, வயிற்றில் துணிப்பை, பின்னால் கரண்டு வயர். அதற்குக் குழாயும் வேண்டாம், எதுவும் வேண்டாம்.

"முதல்ல கொஞ்சம் மண்ணப் போட்டுக் காட்டுறன்," என்று பரமநாதன் ஒரு பையைத் திறந்தார்.

"மண்ண எதுவும் எடுக்கும். இருங்க." காதர் தன் காடிக்குப் போய், பின் டிக்கியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து வந்தார். திறந்தார்.

"என்ன ஐயா இது?"

"மசாலாத் தூள்."

"சாப்பாட்டுக்கோ?"

"குளத்துக்கு." காதர் சிரிக்கவில்லை. "என் கடைக்குப் பாத்திரம் கழுவ ஆள் வந்தா, கழுவி வச்ச சட்டியில விரல வச்சு நக்கிப் பாப்பேன். மசாலா போயிருக்கணும். எனக்கு அதான் டெஸ்ட்."

சொல்லிக்கொண்டே டின்னைக் கவிழ்த்தார். பளிங்கு மாதிரிக் கிடந்த தண்ணீரில் மஞ்சள் மேகம் ஒன்று மெல்லக் கால் பரப்பி இறங்கியது.

பரமநாதன் டையைத் தளர்த்தினார். "இவ்வளவு காலமா பூல் வேல பாக்கிறன் ஐயா. குளத்தத் தாளிச்ச மனுஷன இண்டைக்குத்தான் பாக்கிறன்."

வலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்ற சீனி முகம்மது சிரித்துவிட்டான். அவன் சிரித்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று ஹாஜரா திரைக்குப் பின்னால் யோசித்தாள். அவன் மூக்கு விரிந்தது. "மாமா, கொத்தமல்லி கொஞ்சம் தூக்கலா இருக்கு," என்றான்.

"புதுசா அரைக்கிறவன் போட்டது. ஒன்ன மாதிரி ஆள் இப்ப ஏது," என்றார் காதர். சீனி தலையைக் குனிந்துகொண்டான்.

குழாய் மெஷின் முதலில் இறங்கியது. டக், டக், டக் என்று சுவர்க்கடிகாரம் நடப்பது போல நடந்தது. அடியில் கிடந்த மா இலையையெல்லாம் விழுங்கியது. தூளையும் இழுத்தது. காதர் தலையாட்டிக்கொண்டிருக்கும்போதே, எதிர்ச் சுவரில் தண்ணீர் திரும்ப வரும் ஓட்டை வழியாக மஞ்சளாக ஒரு பீச்சல் வந்தது.

"மாமா, தின்னத வாந்தி எடுக்குது," என்றாள் நோர்மா.

"தூள் அவ்வளவு நைசு ஐயா. ஃபில்டரத் தாண்டி வந்துட்டுது. வீட்டுக் குளத்தில ஆர் மசாலா போடப் போறான்?"

திரைக்குப் பின்னாலிருந்து ஹாஜரா மெல்லச் சொன்னாள்: "நோர்மா, அந்தக் குழாய் எப்பவும் தண்ணியிலயே கிடக்குமான்னு கேளு."

நோர்மா கேட்டாள்.

"கிடக்கும் பிள்ள. ஆக்கள் இறங்கேக்க மட்டும் கழட்டோணும்."

"இலை சேர்றத யாரு கொட்டுறதுன்னு கேளு."

"ஒரு ஆள் காலையும் பின்னேரமும் கூடையக் கொட்டினாப் போதும்."

ஒரு ஆள். காலையும் பின்னேரமும். ஹாஜராவின் மனதில் அந்த மெஷின் அப்போதே வேனில் ஏறிவிட்டது.

இரண்டாவது மெஷினைப் பரமநாதன் இரண்டு கையாலும் பிடித்துக் குழந்தையை இறக்குவது போலத் தண்ணீரில் இறக்கினார். அது குமிழி விட்டது. மெல்ல அடியில் போய் உட்கார்ந்தது. பிறகு நடக்கத் தொடங்கியது. சத்தமில்லை. மஞ்சளுக்குள் நுழைந்து, பின்னால் நீலமாக ஒரு பாதையை விட்டுக்கொண்டே போனது. சுவர் வந்ததும் நிற்கும் என்று பார்த்தால், சுவரிலும் ஏறியது. தண்ணீர் மட்டத்தில் மூஞ்சியை ஒரு தரம் வெளியே காட்டிவிட்டு, வந்த வழியே சாவகாசமாக மூழ்கியது.

ஹாஜரா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். காலையில் வேனில் வந்த மெஷின், ஆறு வருஷமாக இந்த வீட்டில் இருக்கிறவளுக்கு முன்னால் தண்ணீரில் இறங்கிவிட்டது.

அவள் அப்பா துறைமுகத்தில் தொங்காங் என்ற சரக்குப் படகைத் தள்ளினவர். வீடு தஞ்சோங் தோக்கோங்கில், கடலை ஒட்டி. நடக்கப் பழகினது எப்போது என்று கேட்டால் எப்படிச் சொல்ல முடியாதோ, அப்படித்தான் நீந்தப் பழகினதும். கட்டிப் போட்ட படகுகளுக்கு நடுவே மல்லாந்து கிடப்பாள். காதுக்குள் தண்ணீர் போனதும் ஊர்ச் சத்தமெல்லாம் அணைந்துவிடும். தன் மூச்சு மட்டும்தான் கேட்கும். பெரிய மனுஷியான அன்றைக்கு அம்மா கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள். அதற்குப் பிறகு தண்ணீர் என்றால் வாளித் தண்ணீர்தான். கல்யாணம், பிள்ளைகள், கடை மாடியில் இருட்டறை. வெங்காயம் உரித்த கை, அரிசி களைந்த கை. அந்த மாதிரி ஒரு சும்மாக் கிடத்தல் அவளுக்குப் பிறகு எங்கேயும் கிடைக்கவில்லை.

"கேளு," என்றாள். "இதுக்கு ஆள் வேணுமான்னு கேளு."

நோர்மா திரும்பி மாமியாரை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அங்கிள், இதுக்கு ஆள் வேணுமா?"

"ஆளோ? தண்ணியில விட்டுட்டு நீங்க உள்ள போய்ப் படுக்கலாம் பிள்ள. வேல முடிஞ்சா தானா நிண்டுடும். வயரப் பிடுங்கி, வெளியில எடுத்து, பையக் கழுவி வச்சாச் சரி. வீட்டில இருக்கிற பொம்பிளையள் ஒருத்தர் செய்வினம். ஒண்டு மட்டும் கவனம். அது ஓடேக்க ஒருத்தரும் தண்ணியில இறங்கக் கூடாது."

ஹாஜரா திரையைக் கையில் பிடித்துக் கசக்கியிருந்தாள்.

பரமநாதன் மெஷினைத் தூக்கிப் பையை அவிழ்த்தார். உள்ளே மசாலாச் சேறு. காதர் விரலால் தொட்டு மோந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. "இத வச்சுட்டுப் போங்க," என்றார்.

பெட்டி பிரிந்தது, விளக்கப் புத்தகம் வந்தது, கைகுலுக்கல் ஆயிற்று. வேன் போனது. அதற்குப் பிறகுதான் காதர் திரும்பினார்.

"டேய் சீனி."

"மாமா."

"அந்த வலைய ஓரமாப் போடு. இனிமே இதுக்கு நீதான் ஆள்."

நோர்மா வாயைத் திறந்தாள். "மாமா, ஆளே வேணாம்னுதானே அவரு சொன்னாரு?"

"விக்கிறவன் அப்படித்தான் சொல்லுவான். தேங்கா துருவுற மெஷின் வித்தவன் என்ன சொன்னான்? போட்டுட்டுப் போங்க அண்ணே, அது பாட்டுக்கு ஓடும்னான். போட்டுட்டுப் போனேன். மோட்டார் பத்திக்கிட்டு எரிஞ்சு, கடை அடுப்படிச் சுவரு இன்னிக்கும் கறுப்பா இருக்கு, போய்ப் பாரு. அன்னிலேருந்து என்கிட்ட எந்த மெஷினும் ஆள் இல்லாம ஓடாது. அரைக்கிற மெஷினுக்கு ஒரு ஆள், ஐஸ் மெஷினுக்கு ஒரு ஆள். இதுக்கு சீனி." அவர் உற்சாகமாகக் குளத்தைச் சுற்றிப் பார்த்தார். "முந்தி வலை போடுற நேரம்தான் நீ இங்க நின்ன. இனிமே இது ஓடுற நேரம் பூரா பக்கத்துலயே இருக்கணும். நாற்காலி ஒண்ணு போட்டுக்க. வெயிலுக்குப் பெரிய குடையா பாத்து வாங்கித் தர்றேன், ஹோட்டல்ல வச்சிருக்கான் பாரு, அந்த மாதிரி."

"சரிங்க மாமா," என்றான் சீனி முகம்மது.

திரை ஹாஜராவின் கையிலிருந்து நழுவியது.

காதர் கடைக்குப் புறப்பட்டுப் போனார். நோர்மா பேங்குக்குக் கிளம்பும்போது கைப்பையை மாட்டிக்கொண்டே மாமியாரிடம் வந்தாள்.

"நீங்க சொல்றீங்களா மாமி, இல்ல நான் சொல்லவா?"

"ஒண்ணும் சொல்ல வேணாம்."

"இப்படியே இருந்தா மெஷின்தான் லா நீந்தும்."

"பஸ்ஸ விட்டுறப் போற. போ."

மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு ஹாஜரா பால் சேர்க்காமல் தே ஓ கலக்கினாள். எப்போதும் ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுக் குரல் கொடுப்பாள். சீனி வந்து எடுத்துக்கொள்வான். இன்றைக்கு அவன் வரவில்லை. எட்டிப் பார்த்தாள். மாமர நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, சுட்ட காலை நீட்டி, தண்ணீருக்குள் நடக்கிற மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தான். முகம் செத்துப் போயிருந்தது.

வேலை போய்விடும் என்று பயந்திருப்பான். அதற்குக் காரணம் தன் ஆசைதானே. தோள் துணியைத் தலையில் இழுத்து விட்டுக்கொண்டு, கோப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

"சீனி, தே ஆறுது."

அவன் பதறி எழுந்தான். "கூப்பிட்டிங்களா மாமி? காதுல விழல."

"உக்காரு. காலு வலிக்கப் போவுது." கோப்பையைச் சுவரோரமாக வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். "மெஷின் வந்தா ஒன்ன அனுப்பிருவாங்கன்னு பயந்துட்டியா?"

அவன் கோப்பையை எடுத்தான். குடிக்கவில்லை. "பயப்படல மாமி. அனுப்பிருவாங்கன்னு நெனச்சேன்."

"எங்க?"

"கடைக்கு."

ஹாஜரா அப்போதுதான் அவன் முகத்தைச் சரியாகப் பார்த்தாள்.

"நேத்தே துணியெல்லாம் மடிச்சு வச்சுட்டேன்," என்று சிரிக்கப் பார்த்தான். "கடை மாடியில படுத்துக்கலாம்னு. கால்தான் மாமி சுட்டது, கையி சுடல. ஸ்டூல் ஒண்ணு போட்டா உக்காந்துக்கிட்டே கறி ஊத்துவேன். மத்தியானம் வரிசை நிக்கும்ல, மூஞ்சப் பாத்தே சொல்லிருவேன், இவருக்கு எறா கொழம்பு மேல, இவருக்கு மீன் கொழம்புல அரைக் கரண்டி, இவரு வீட்டுல சண்ட போட்டுட்டு வந்திருக்காரு, ஒரப்பா ஊத்தணும்னு. சத்தம், புகை, ஒருத்தன் திட்டுவான், ஒருத்தன் சிரிப்பான். இங்க யாரு மாமி இருக்கா? தண்ணிகிட்ட பேசிக்கிட்டு இருக்கேன்."

"மாமாகிட்ட கேக்க வேண்டியதுதானே?"

"எப்படிக் கேக்குறது? ஆசுபத்திரியில என் தலைமாட்டுல உக்காந்து, இனிமே நீ நெருப்புகிட்டயே போக வேணாம்டா, நான் உசுரோட இருக்கிற வரைக்கும் பாத்துக்கிறேன்னாங்க. சொல்லிட்டு அழுதாங்க மாமி. மாமா அழுது நான் அதுக்கு முன்னாடி பாத்ததே இல்ல. அப்படிச் சொன்னவங்ககிட்ட போயி, நெருப்புகிட்ட போறேன்னு எந்த வாயால கேக்க?" அவன் மெஷினைப் பார்த்தான். அது சுவர் ஏறிக்கொண்டிருந்தது. "நீங்க கேளுங்க மாமி. நீங்க சொன்னா மாமா கேப்பாங்க."

"நானா?"

அவள் உள்ளே வந்து உட்கார்ந்தாள். பிள்ளைகளுக்காகக் கேட்டிருக்கிறாள். கடைப் பையன்களுக்குப் பெருநாள் துணிக்குக் கேட்டிருக்கிறாள். அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேட்டிருக்கிறாள். கேட்டால் தரமாட்டேன் என்கிற மனிதர் இல்லை அவர். ஆனால் யாருக்காகக் கேட்கும்போதும் குரல் தைரியமாக வரும். தனக்கு என்று ஒன்றைக் கேட்டதே இல்லை.

சீனிக்காகக் கேட்கலாம். அது மற்றவனுக்குத்தான். அதை வைத்தே தன் காரியமும் ஆகிவிடும். தன் வாயால் எதுவும் சொல்ல வேண்டாம். அந்த நினைப்பில் கொஞ்சம் தெம்பு வந்தது.

சாயந்தரம் அஸர் தொழுதுவிட்டுச் சட்டை மாற்றக் காதர் வீட்டுக்கு வருவது வழக்கம். வந்தார். ஹாலில் உட்கார்ந்து கண்ணாடிக் கதவு வழியாகக் குளத்தைப் பார்த்தார். மஞ்சள் சுத்தமாகப் போயிருந்தது.

"பாத்தியா புள்ள? கண்ணாடி கணக்கா ஆக்கிப்புட்டுது."

"என்னங்க, ஒண்ணு சொல்லணும்." தண்ணீர் டம்ளரை வைத்துவிட்டு நின்றாள். "சீனியக் கடைக்குக் கூட்டிக்கங்க."

"எதுக்கு?"

"உக்காந்துக்கிட்டே கறி ஊத்துறேங்கிறான்."

காதர் டம்ளரைத் தொடவில்லை. "அவன் காலு வெந்து கிடந்தத நீ பாக்கல. நான் பாத்தேன். தோலு என் கையோட வந்துச்சு. அக்காவுக்கு நான் வாக்குக் கொடுத்திருக்கேன்."

"அவனுக்கு அங்கதாங்க உசுரு."

"எங்கிட்ட அவன் கேக்கலையே?"

"உங்ககிட்ட கேக்க முடியாது."

"ஏன், நான் என்ன புலியா?"

"நீங்க அவனுக்காக அழுதீங்களாம்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெளியே சீனி நாற்காலியை நிழலோடு நிழலாக நகர்த்திப் போட்டுக்கொண்டிருந்தான். காலை இழுத்து இழுத்து நகர்ந்தான். காதர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அடுப்புப் பக்கம் போக மாட்டானா?"

"முன்னாடி கறி ஊத்துற இடத்தோட சரி. நீங்க சொன்னாக் கேப்பான்."

"ம்." டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தார். "சரி. அவன் வரட்டும்னே வச்சுக்க. மெஷினுக்கு யாரு? கடையிலேருந்து வேற ஒருத்தன அனுப்புறேன். பினாங்குல ஆளுக்கா பஞ்சம்?"

வேறொருத்தன். அதே நாற்காலி. அதே குடை. தன் பேச்சை மற்றவன் பேச்சுக்குள் ஒளித்து வைத்துக் கேட்டால் இப்படித்தான் ஆகும் என்று அவளுக்குப் புரிந்தது.

"வேற ஆள் வேணாம்," என்றாள். "மெஷினுக்கு ஆள் வேணும்னா, நான் இருக்கேன்."

காதர் சிரித்தார். "நீயா? அந்த வெயில்லயா? ஒனக்கு எதுக்கு இந்த வேல?"

"வீட்டுல ஆம்பள ஆள் இல்லாத நேரம் கொஞ்சம் வேணும் எனக்கு."

"எதுக்கு?"

"அந்தத் தண்ணியில இறங்கணும்."

அவர் புரியாமல் பார்த்தார். "குளிக்கவா? மூணு பாத்ரூம் இருக்கே மேல."

"குளிக்க இல்லங்க. நீந்த."

சுவரோரத்து ஃபேன் ஒரு பக்கம் போய்த் திரும்பி வந்தது.

"ஒனக்கு நீந்தத் தெரியுமா?"

"தெரியும்."

"யாரு சொல்லிக் கொடுத்தா?"

"யாரு சொல்லிக் கொடுக்கணும்? தஞ்சோங் தோக்கோங்ல பொறந்தவ நான்."

கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் தான் பார்க்காத ஒரு முகத்தைப் பார்ப்பது போல அவர் அவளையே பார்த்தார். பிறகு குளத்தைப் பார்த்தார். மறுபடி அவளை.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கல. நானும் சொல்லல."

"எனக்குத் தண்ணின்னா பயம். ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும். கப்பல்ல வந்த கதையச் சொல்லும்போதெல்லாம் கட்டில் சட்டத்தப் பிடிச்சுக்கிட்டுத்தான் சொல்லுவீங்க."

அவர் எழுந்தார். சட்டையைக் கூட மாற்றவில்லை. நடையில் நின்று செருப்பை மாட்ட வெகு நேரம் எடுத்துக்கொண்டார். கோபமா, வருத்தமா, பயமா? அவர் முதுகைப் பார்த்து எதையும் சொல்ல முடியவில்லை. ஹாஜரா அப்படியே நின்றாள். சொன்ன சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. வாயை இறுக்கிக்கொண்டாள்.

வெளியிலிருந்து அவர் குரல் கேட்டது. "சீனி. மெஷின நிறுத்திட்டு வந்து காடியில ஏறு."

"எங்க மாமா?"

"கடைக்கு. கறி ஊத்துற இடத்தோட நிக்கணும். அடுப்படிப் பக்கம் உன்னப் பாத்தேன், அன்னிக்கே திருப்பி அனுப்பிருவேன்."

சீனி பின்னறைக்கு ஓடின ஓட்டத்தில் காலை இழுக்கவே இல்லை என்று பிற்பாடு ஹாஜராவுக்குத் தோன்றியது. மடித்து வைத்த துணிப்பையோடு வந்தான். ஜன்னல் பக்கம் திரும்பி, யாரென்று பார்க்காமலே தலையை ஆட்டிவிட்டு ஏறிக்கொண்டான்.

காடி கேட்டைத் தாண்டி நின்றது. எப்போதும் சீனிதான் வந்து சாத்துவான். இன்றைக்குக் காதர் இறங்கினார். கேட்டை இழுத்துச் சாத்தினார். சங்கிலியைச் சுற்றி, இழுத்துப் பார்த்தார். கம்பிகளுக்கு நடுவே அவர் முகம் தெரிந்தது.

"ஹாஜரா."

"என்னங்க."

"ராத்திரி வந்து பேசிக்கிறேன்."

காடிச் சத்தம் மேட்டில் ஏறி, வளைவில் தேய்ந்து, இல்லாமல் போனது.

வீடு இப்படிச் சும்மா இருந்து அவள் கேட்டதில்லை. ராத்திரி என்ன பேசுவார்? வேண்டாம் என்பாரா? பிள்ளைகளிடம் சொல்வாரா? ஊருக்கு என்ன பதில் என்பாரா? அல்லது இத்தனை வருஷம் மறைத்துவிட்டாயே என்பாரா? அதுதான் அவளுக்கு அதிகம் வலிக்கும். சங்கிலி போட்டது அவளுக்காகவா, அவளை அடைத்து வைக்கவா? அதுகூடத் தெரியவில்லை.

பொழுது சாய்ந்து மஃரிபு தொழ இன்னும் நேரம் இருந்தது.

குளத்தடிக்குப் போனாள். வயர் பிடுங்கியிருக்கிறதா என்று இரண்டு தரம் பார்த்தாள். மெஷினின் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினாள். தண்ணீரைக் குடித்துக் கனத்திருந்தது. வயிற்றிலிருந்து ஒழுகவிட்டு, அதைச் சுவரோரமாக வைத்தாள். செருப்பைக் கழற்றினாள். மேலே போய்த் துணி மாற்றி வரலாம். போனால் திரும்பி வரமாட்டாள்.

முதல் படி. வெயில் குடித்த தண்ணீர், மேலே வெதுவெதுப்பாக இருந்தது. இரண்டாவது படியில் முழங்கால் குளிர்ந்தது. பாஜுச் சட்டையின் தழைவு மிதந்து, குடை போல விரிந்து, அவளைச் சுற்றி வந்தது. இடுப்பு. நெஞ்சு. இரும்புக் கைப்பிடியை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். பத்துப் பிள்ளைக் கூட்டத்துக்கு நடுவே கடலில் மல்லாந்து கிடந்த உடம்பு இதுவா? மூட்டு வலியும் சர்க்கரையும் சேர்ந்த இந்த உடம்புக்கு அதெல்லாம் ஞாபகம் இருக்குமா? முழுகினால் தூக்க யாரும் இல்லை. கேட்டிலும் சங்கிலி.

இன்னும் ஓர் அடி வைத்தால் காலுக்குத் தரை இல்லை.

பிஸ்மி சொல்லிக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்தாள். காதுக்குள் தண்ணீர் புகுந்தது. மாமரத்துக் குருவிச் சத்தம் அணைந்தது. தெருவில் போன மோட்டார் சைக்கிள் சத்தம் அணைந்தது. தன் மூச்சு மட்டும், வெகு தூரத்திலிருந்து யாரோ கூப்பிடுவது போலக் கேட்கத் தொடங்கியது.

ஹாஜரா கைப்பிடியை விட்டாள்.